மோயாறு தெரியும் இடம்

கேள்வி: மேட்டுப்பாளையத்தில் பைக்கில் கிளம்பி, ஒரே நாளில் நீலகிரியில் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்துத் திரும்ப எந்த வழி நல்லது?

பதில்: விடியலில் கல்லாறு, பர்லியார் வழியாகக் குன்னூர் ஏறுங்கள். 1899 முதல் பல்தண்டவாளத்தைக் கடித்துக்கொண்டு ஏறும் மலை ரயிலின் நிதானம்தான் இந்தச் சாலைக்கும் சரி. அடுத்து கோத்தகிரி; அங்கிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சுமார் 18 கிலோமீட்டரில் கோடநாடு காட்சிமுனை. கீழே மோயாறு, தெங்குமரஹாடா கிராமத்து வயல்கள், தொலைவில் பவானிசாகர் நீர்ப்பரப்பு. நாளின் பெரும்பங்கை இதற்கே கொடுங்கள், செல்ஃபி எடுத்த கையோடு ஓடிவிடாதீர்கள்! மூடுபனி மறைத்தால் சூடாக ஒரு டீ. திரை விலகும்வரை காத்திருக்கலாம். திரும்புவது கோத்தகிரி சாலையில், இரண்டாவது கியரில். பிரேக்கை மட்டுமே நம்பினால் சூடேறிக் கைவிடும். ஏறிவரும் பஸ்ஸுக்கு வழிவிடுங்கள். நீலகிரிக்குள் வண்டியில் நுழைய 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது, கிளம்புமுன் எடுத்துவிடுங்கள்.