படித்துவிட்டு வந்த மனிதர்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1989 முதல் 2004 வரை ஒரு விபரீதம் நடந்தது. சி-ஸ்பான் அலைவரிசையில், ஞாயிறு இரவில், ‘புக்நோட்ஸ்’ என்ற பெயரில். பிரையன் லாம்ப் ஓர் எழுத்தாளரை எதிரில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசுவார். விளம்பர இடைவேளை கிடையாது, கைதட்ட ஆள் கிடையாது, பின்னால் வெறும் கறுப்பு. இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். மனிதர் புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டல்லவா வந்து உட்காருவார்!

பின்னட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இதை எழுத வேண்டுமென்று எப்படித் தோன்றியது?” என்று ஆரம்பிப்பதுதான் தொழில் தர்மம். எழுத்தாளருக்கும் வசதி, போகிற ஸ்டூடியோவிலெல்லாம் ஒரே பதிலை ஒப்பிக்கலாம். லாம்ப் அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட்டார். சமர்ப்பணத்தில் இருக்கும் பெயர் யாருடையது, எங்கே உட்கார்ந்து எழுதினீர்கள், கையாலா கணினியிலா என்று வீட்டுத் தரகர் மாதிரி விசாரிப்பார். உலக அரசியலை முழங்க வந்த பேரறிஞர் தன் எழுத்து மேசையை வர்ணித்துக்கொண்டிருப்பார்.

கதை, நாவலுக்கு அங்கே இடமில்லை. ஒருவருக்கு ஒரே தடவைதான் அழைப்பு. அப்படியும் 801 நிகழ்ச்சிகள் ஓடின.

இன்னொரு தொலைக்காட்சித் தொகுப்பாளரான ஓப்ரா வின்ஃப்ரேவுக்கு இந்தப் பத்தியமெல்லாம் இல்லை. 2005-இல் எழுத்தாளர் ஜேம்ஸ் ஃபிரேயின் தன்வரலாற்றைத் தன் நிகழ்ச்சியில் தூக்கிவைத்துக் கொண்டாடினார். அதில் கற்பனைச் சரக்கு அம்பலமானதும், 2006 ஜனவரியில் அதே மனிதரைக் கூப்பிட்டு உட்காரவைத்து வறுத்தெடுத்தார். இரண்டு நிகழ்ச்சியும் அமர்க்களம். புத்தகமும் விற்றுக்கொண்டேதான் இருந்தது.