பிளம்பர் எதுக்கு?

பாத்ரூம் குழாய் சொட்டுகிற விஷயம் அவர் காதுக்குப் போகக் கூடாது. வீட்டில் அத்தனை பேரும் இதில் ஒற்றுமை. குழாய் வாயில் ஒரு வெள்ளை நூலைக் கட்டி, மறுமுனையை வாளிக்குள் விட்டிருப்பார் மனைவி. சொட்டு நூலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிவிடும். அவர் ஏதாவது கல்யாணத்துக்கு வெளியூர் கிளம்பியதும் பிளம்பரைக் கூப்பிட்டுக் காதும் காதும் வைத்த மாதிரி வேலையை முடித்துவிடலாம் என்பது திட்டம். இரண்டாம் நாளே நூல் கண்ணில் பட்டுவிடும்.

"என்னது இது, லீக்கா? எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"லேசாத்தாங்க சொட்டுது. நாளைக்கு ஆளை வரச் சொல்லியிருக்கேன்."

"இதுக்குப் போய் பிளம்பர் எதுக்கு? வந்து எட்டிப் பார்த்தாலே முந்நூறு ரூபா கேப்பான்."

முந்நூறு ரூபாயைக் காப்பாற்றும் படலம் அந்த நிமிடமே ஆரம்பம். லுங்கி மடித்துக் கட்டப்படுகிறது. பரணிலிருந்து பிஸ்கட் டின் இறங்குகிறது. அதில் என்ன இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வளைந்த ஆணிகள், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள், செத்துப்போன பேட்டரி. ஸ்பேனர் மட்டும் இருக்காது. ஆனால் டெஃப்லான் டேப் இருக்கும். மூன்று உருளை.

டெஃப்லான் டேப்மேல் அவருக்குள்ள பக்தி சாதாரணமானதல்ல. பழனிக்குப் போனவர் விபூதி கொண்டுவருவதுபோல, ஹார்டுவேர் கடைக்கு எதற்குப் போனாலும் ஓர் உருளையோடுதான் திரும்புவார். மூக்குக் கண்ணாடியின் காது ஆடுகிறதா, டேப். மிக்ஸி ஜாடி மூடி கசிகிறதா, டேப். மாமியாரின் கைத்தடிப் பிடி வழுக்குகிறது என்று அதற்கும் நாற்பது சுற்றுச் சுற்றியாகிவிட்டது. மரை கழண்டது தடிக்கா மாப்பிள்ளைக்கா என்று அந்த அம்மாள் கேட்டதாகக் கேள்வி.

அந்த டேப்பின் பூர்வோத்தரமும் அவருக்கு அத்துப்படி. 1938-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் என்பவர் குளிர்பதன வாயு ஆராய்ச்சியில் இருந்தார். ஒருநாள் சிலிண்டரைத் திறந்தால் வாயு வரவில்லை, எடை மட்டும் குறையாமல் இருக்கிறது. அறுத்துப் பார்த்தால் உள்ளே வழவழவென்று வெள்ளைப் பொடி. இந்தக் கதையை அவர் குழாய்முன் குத்தவைத்து உட்கார்ந்தபடி, டார்ச் அடிக்கும் மகனுக்குச் சொல்வார். மகன் ஆறாம் வகுப்பில் ஒரு தடவை கேட்டான். இப்போது கல்லூரி முடிக்கப் போகிறான், இன்னும் டார்ச் அடிக்கிறான்.

கதை சரிதான். இடம்தான் தப்பு. டெஃப்லான் டேப் மரைக்கு உரியது. குழாய் சுவரோடு சேருகிற இடத்தில் கசிந்தால், மரைமேல் கடிகாரம் சுற்றும் திசையில் நாலைந்து சுற்றுச் சுற்றி முடுக்கினால் நிற்கும். குழாயின் வாயிலிருந்து சொட்டுவது வேறு நோய். பிடியைத் திருகும்போது உள்ளே ஒரு தண்டு இறங்கி, ரப்பர் வாஷரைப் பித்தளைத் துளைமேல் அழுத்துகிறது. தண்ணீர் நிற்பது அந்த அழுத்தத்தில்தான். ரப்பர் தேய்ந்து விறைத்துப்போனால் சந்து விடும், சொட்டும். இங்கிலாந்தில் ராதர்ஹாம் என்ற ஊர்க்காரர்கள் 1845-இல் இந்தத் திருகு குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார்கள். இன்றைக்கும் நம் வீட்டு சாதாரணக் குழாயில் அடிப்படை அதுவேதான். வாஷர் போயிருக்க, வெளியே எத்தனை மைல் டேப் சுற்றினாலும் சொட்டும். தலைவலிக்கு முழங்காலில் தைலம் தேய்க்கிற வைத்தியம் அது.

இதை அவரிடம் சொல்லிப் பாருங்களேன். "வாஷரெல்லாம் நல்லாத்தான் இருக்கும்." திறந்து பார்த்தாரா? இல்லை. குழாயையே மொத்தமாகக் கழற்றி, டேப் சுற்றி மாட்டுவதுதான் அவர் முறை. அதற்குமுன் மொட்டை மாடிக்குப் போய் வால்வை மூட வேண்டும். அங்கே நாலு வீட்டுக்கு நாலு கறுப்புத் தொட்டி, நாலு வால்வு, ஒன்றிலும் பெயரில்லை. அவர் யோசிக்கவே மாட்டார், தைரியமாக ஒன்றைத் திருகி மூடிவிட்டு இறங்கி வருவார்.

அது இரண்டாம் மாடி வீட்டு வால்வு.

இங்கே குழாய் கழன்றதும் சுவரிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறது. அவர் உள்ளங்கையால் பொத்துகிறார், அது விரலிடுக்கில் விசிறியடித்துக் கண்ணாடியைக் கழுவுகிறது. மகன் டார்ச்சோடு மாடிக்கு ஓடுகிறான். எதிரே இரண்டாம் மாடி அம்மாள், தலையில் சீயக்காயோடு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இறங்கி வருகிறார். ஆயிரம் லிட்டர் தொட்டி காலியாகிற வரைக்கும் அன்றைக்கு யாராலும் சரியான வால்வைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. கழற்றுகிறவர் அவர். அன்றைக்கு முழுதும் பக்கத்து வீட்டிலிருந்து குடம் குடமாகச் சுமந்து சமைத்ததும், பாத்திரம் துலக்கியதும், கூடத்து வெள்ளத்தைத் துணி போட்டுப் பிழிந்ததும், மேல் வீட்டு அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டதும் அவர் மனைவி. அந்தக் கூலியை முந்நூறு ரூபாய்க் கணக்கில் அவர் ஒருநாளும் சேர்த்ததில்லை.

ஆனாலும் அவரை முழுக்கத் திட்டவும் மனம் வருவதில்லை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, லாரித் தண்ணீருக்காக நடுராத்திரி தெருமுனையில் நீலக் குடமும் பச்சைக் குடமுமாக நின்றவர் அவர். அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன் ரயிலில், நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்ததை இன்றும் சொந்தத் தம்பி ஊரிலிருந்து வந்ததுபோலச் சொல்வார். அதற்குப் பிறகு சொட்டுச் சத்தம் கேட்டால் தூக்கம் வராது. எழுந்து போய் இருட்டில் உட்கார்ந்து எண்ணுவார். நொடிக்கு ஒரு சொட்டு, நாளைக்கு 86,400 சொட்டு. இருமல் மருந்து மூடியில் பிடித்துப் பார்த்ததில் இருபது சொட்டுக்கு ஒரு மில்லி. ஆக, ஒரு நாளைக்கு நாலே கால் லிட்டருக்குச் சற்று மேல், வருஷத்துக்கு 1,500 லிட்டருக்கும் அதிகம். இந்தக் கணக்கு காலண்டரின் பின்பக்கத்தில் அவர் கையெழுத்தில் இருக்கிறது. அதே கணக்கை நீட்டினால், அன்றைக்குக் காலியான ஆயிரம் லிட்டர் சொட்டிப் போக 231 நாள் ஆகியிருக்கும். அதை அவர் காலண்டரில் எழுதவில்லை.

தொட்டி காலியானதும் அவருக்கு வேலை சுலபமாயிற்று. டேப்பைச் சுற்றினார், எதிர்த்திசையில், இருபத்தெட்டு சுற்று. குழாயைத் திருகத் திருக டேப் உரிந்து மல்லிகைச் சரமாய்த் தொங்கியது. மிச்சம் இருந்த தடிமனுக்கே மரை உள்ளே போகவில்லை. பக்கத்து வீட்டில் வாங்கிய ஸ்பேனரை மாட்டி ஓர் அழுத்து அழுத்தினார். சுவருக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். உள்ளே இருந்த பிளாஸ்டிக் எல்போ விரிசல் விட்டிருந்தது.

மூன்றாம் நாள் பிளம்பர் வந்தான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. இரண்டு டைல்ஸை உடைத்து எல்போவை மாற்றினான். குழாயின் தலையைக் கழற்றி வாஷரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். நடுவில் பிளந்த ரப்பர், நகத்தால் அழுத்தினால் உதிர்ந்தது. அஞ்சு ரூபாய் சாமான். பிறகு, தரையில் கிடந்த வெள்ளைச் சரத்தைக் காலால் ஒதுக்கிக்கொண்டே கேட்டான்.

"இதுக்கு முன்னால யார் சார் பார்த்தது?"

"தெரியலப்பா. யாரோ ஒரு பழைய ஆள்."

மொத்தம் 2,400 ரூபாய். டைல்ஸ் தனி. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு அவர் சமையலறைக்குப் போய் சிங்க் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தார். பார்த்தவரைக்கும் அது சொட்டவில்லை.

உங்கள் வீட்டிலும் இவர் இருந்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். மொட்டை மாடி வால்வுகளில் எது எந்த வீட்டுக்கு என்று இன்றைக்கே பெயிண்டில் எழுதிவிடுங்கள். அடுத்த முறை கறுப்பு நூலாகக் கட்டுங்கள், சட்டென்று கண்ணில் படாது.