87.5: போலி வானொலி குறித்து ஒரு முன்னாய்வு

காரில் ரேடியோ இருக்கிறது. அதற்கு ஒன்றரை அடி கீழே, சிகரெட் லைட்டர் ஓட்டையில், கட்டைவிரல் பருமனில் ஒரு டப்பா செருகியிருக்கிறது. டப்பாவின் முதுகில் பென்டிரைவ், அதற்குள் நானூறு பாட்டு. பாட்டு அங்கிருந்து ரேடியோவுக்குப் போகவேண்டிய தூரம் அந்த ஒன்றரை அடிதான். ஆனால் அது நேராகப் போவதில்லை. டப்பாவுக்குள் பண்பலையாக உருமாறி, கண்ணாடி வழியே வெளியேறி, கூரைமேல் நிற்கும் ஆன்டெனாவைத் தேடிப் பிடித்து, ஒயர் வழியாக இறங்கி, ரேடியோவுக்குள் நுழைந்து மறுபடியும் பாட்டாகிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதற்கு மின்னணுவியலில் இதைவிடத் துல்லியமான சான்று கிடையாது என்பது இவ்வாய்வின் முடிவு. முடிவை முதல் பத்தியிலேயே சொல்வது ஆய்வு மரபல்லதான். நெறியாளர் என்று ஒருவர் இல்லாததால் கேட்பாரில்லை.

முதலில் பெயர்ச் சிக்கல். கடைக்காரர் இதை மாடுலேட்டர் என்கிறார். டிரைவர்கள் கார் எம்பித்ரீ என்கிறார்கள். என் அம்மாவுக்கு அது ‘அந்தச் சிவப்பு லைட்டு’. ஆய்வாளன் முன்மொழியும் சொல் ‘போலி’. இதில் இழிவு ஏதுமில்லை. பந்தல் என்பதைப் பந்தர் என்றாலும் பொருள் மாறாதது போல, ஓர் எழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து வந்து அமர்ந்து, பொருள் கெடாமல் பார்த்துக்கொள்வதே இலக்கணத்தில் போலி. நம் டப்பாவும் நிலையம் அல்ல; ஆனால் நிலையம் இருக்கவேண்டிய இடத்தில் வந்து அமர்கிறது. ரேடியோ அதை நம்புகிறது. கோபுரம், ஒலிபரப்புக் கூடம், அறிவிப்பாளர், விளம்பரம் அனைத்தும் மாறியிருப்பதால் இதை முற்றுப்போலி என வகைப்படுத்துவதே முறை.

இனி வரலாறு. பண்பலையைச் செய்துகாட்டியவர் அமெரிக்கரான எட்வின் ஆம்ஸ்ட்ராங்; காப்புரிமை பெற்றது 1933 டிசம்பரில். மனிதரின் வாழ்நாள் பகை இரைச்சல்தான். இடி மின்னலின் கரகரப்பை ரேடியோவிலிருந்து விரட்டவே இந்த முறையைக் கண்டார். அதற்கு முன்பே, 1923இல், தம் புது மனைவிக்குத் திருமணப் பரிசாகக் கையில் தூக்கிச் செல்லும் ரேடியோ ஒன்றைச் செய்து கொடுத்தவர். கடற்கரை மணலில் அவர்கள் அதோடு உட்கார்ந்திருக்கும் படம் புகழ்பெற்றது. தூக்கிச் செல்லும் இசை, இரைச்சலில்லாத பண்பலை ஆகிய இரண்டுமே அவர் கைவேலை. இரண்டையும் சேர்த்து அதிலிருந்து மறுபடி இரைச்சலை வரவழைத்த பெருமை மட்டும் நம் டப்பாவுக்கு உரியது. காப்புரிமை வழக்குகளில் நொந்து 1954இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இதைச் சொல்லிவிட்டு அடுத்த வரியில் நகைச்சுவை செய்ய இந்த ஆய்வாளனுக்கும் மனம் வரவில்லை.

இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு முதன்முதலில் தொடங்கியது சென்னையில், 1977 ஜூலை 23 அன்று. ஆகவே சென்னைக்காரர்கள் 87.5க்கும் 108க்கும் இடையில் எங்கே காலி இடம் கண்டாலும் துண்டு போட்டு உட்காருவது வரலாற்று உரிமை எனக் கொள்ளலாம். பேருந்தில் ஜன்னல் வழியே கைக்குட்டை போடுவதன் நீட்சியே இது.

டப்பாவின் தேவை ஏன் எழுந்தது என்பதை விரிக்க வேண்டியதில்லை. பாட்டு கேசட்டை விட்டுப் போய்விட்டது, காரில் கேசட் பிளேயர் மட்டும் இருந்தது, ஆக்ஸ் ஓட்டை இல்லை. அவ்வளவுதான். கேசட் வடிவில் ஒயர் தொங்கும் இன்னொரு போலியும் உண்டு. அது இடைப்போலி, தனி ஆய்வுக்குரியது.

மையப் பிரச்சினை காலி இடம். சென்னையில் 91.1, 92.7, 93.5, 94.3, 98.3, 101.4, 102.3, 106.4 என்று வரிசையாகக் குடியிருக்கிறார்கள். பெரிய நிலையத்துக்குப் பக்கத்து வீட்டில் குடியேறினால் அவர்கள் சத்தம் சுவர் தாண்டி வரும். ஆகவே எல்லாரும் வரிசையின் முதல் படியான 87.5க்குப் போகிறார்கள். டப்பாவும் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே பெரும்பாலும் அதில்தான் இருக்கும். எல்லாரும் போவதால் அங்கேயும் இடமில்லை. இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

களப்பணி: சென்னை–மதுரை, பழைய காரில், அத்தையுடன். அப்போது எங்களிடம் இருந்தது முதல் தலைமுறைப் போலி. பாட்டு தனியே ஒரு எம்பித்ரீ பிளேயரில். அதிலிருந்து ஒரு ஒயர் டப்பாவுக்கு. அந்த ஒயரே டப்பாவின் ஆன்டெனாவும் என்பது நூல்வழி அறிந்த செய்தி. அதை யாராவது விரலால் பிடித்தால் பாட்டு பளிச்சென்று தெளியும் என்பது அத்தைவழி அறிந்த செய்தி. செங்கல்பட்டு தாண்டியதும் தற்செயலாக ஒயரைத் தள்ளி வைக்கப் போனவர், மதுரை வரை அதை விடவில்லை.

“கையை எடுத்தா உங்க இளையராஜா மூக்கடைச்ச மாதிரி பாடுறாருடா.”

“அப்ப எடுக்காதீங்கத்தை.”

“முறுக்கை எந்தக் கையால சாப்பிடுறது?”

இந்தக் கேள்விக்கு மின்காந்தவியலில் இன்றுவரை விடையில்லை. உடம்பு உப்புத் தண்ணீர். ஒயரோடு சேர்ந்து அதுவும் அலையைக் கடத்தும் என்பது மட்டும் விளக்கமாகக் கிடைக்கிறது.

ஊர் மாறினால் காலி இடமும் மாறும். மாற்றுவதற்கு இருவர் வேண்டும்: டப்பாவில் எண்ணை ஏற்ற ஒருவர், ரேடியோவில் அதே எண்ணைப் பிடிக்க ஒருவர். உளுந்தூர்ப்பேட்டை அருகே கால்மணி நேரம் வெறும் ஸ்ஸ்ஸ் மட்டும் கேட்டது. “நான் 94.7, நீ?” என்று டிரைவர் சீட்டிலிருந்து கேட்டார் மாமா. “நான் 97.4” என்றேன். ஒருவரும் ஒருவரையும் குறை சொல்லவில்லை. 100.5 என்று வட்டமான ஓர் எண்ணுக்கு இருவரும் சம்மதித்தோம்.

அது வரலாற்றுப் பிழை. துவரங்குறிச்சி தாண்டியதும் பாட்டின் நடுவே ஓர் அறிவிப்பாளர் நுழைந்து, நேயர் ஒருவரிடம் “சாப்பிட்டீங்களா?” என்று விசாரித்தார். அத்தை ஒயரை இறுக்கிப் பிடித்தார். பயனில்லை. 100.5 கொடைக்கானல் பண்பலையின் வீடு. கடல்மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேலே மலையுச்சியில் நின்று 10 கிலோவாட்டில் பேசும் நிலையம் அது. எதிரே எங்கள் டப்பா. பிரிட்டனில் 2006 டிசம்பரில்தான் இவ்வகை டப்பாக்களுக்குச் சட்ட அனுமதி கிடைத்தது. அங்கே விதித்த உச்சவரம்பு 50 நானோவாட். அந்தக் கணக்கில் வைத்தால் கொடைக்கானலின் பலம் எங்களைப்போல் 20,000 கோடி மடங்கு. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்பார்கள். இது மடுவிலிருந்த தவளை. வேறு வழியின்றி அந்த நேயர் கேட்ட பாட்டையே கேட்டோம். நாங்கள் போட்டிருந்ததை விட நன்றாகவே இருந்தது என்பதைத் தரவின் நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

இங்கே ஒரு கோட்பாடு. மத்திய அலையில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: பாட்டுக்குப் பின்னால் வேறு ஏதோ மொழியில் செய்தி முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். இரண்டும் கலந்து வரும், காது பிரித்துக்கொள்ளும். பண்பலையில் அந்தத் தாட்சண்யம் கிடையாது. ஒரே எண்ணில் இரண்டு அலை வந்தால் வலுத்ததை மட்டும் ரேடியோ பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். பலம் ஏறக்குறையச் சமமானால் இங்குமங்கும் தாவும். கூட்டணி ஆட்சி பண்பலைக்குத் தெரியாது.

இதைக் கத்திப்பாரா அருகே ஒரு கால் டாக்சியில் நேரில் கண்டேன். சிக்னலில் வண்டி நின்றது. எங்கள் வண்டியில் ஒரு சோகப் பாட்டு. இடப்பக்கம் ஒரு வேன் வந்து ஒட்டி நின்றதுமே சோகம் அறுந்து, “சாமியே” என்று சரண கோஷம் எழுந்தது. வேன் நான்கடி முன்னே நகர, சோகம் திரும்பியது. மறுபடி பின்னே சரிய, சரணம். டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“சார், இது நம்ம பாட்டு இல்ல. அவனும் 87.5-லதான் வெச்சிருக்கான்.”

“மாத்திடுங்களேன்.”

“மாலை போட்டவங்க வண்டி சார். பச்சை விழட்டும்.”

சட்டமோ கருவியோ தீர்க்காத அலைவரிசைத் தகராறை மரியாதை தீர்த்த இந்நிகழ்வு தனிக் கவனத்துக்குரியது. அந்த வேனில் எங்கள் சோகப் பாட்டு எத்தனை நொடி ஒலித்தது, அங்கே அதை யார் எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள் என்பதற்குத் தரவு கிடைக்கவில்லை. ஆளுக்கு ஐந்தாறு அடிச் சுற்றுவட்டத்தில் ஒரு நிலையம் நடத்திக்கொண்டு, ஒருவர் ஒலிபரப்பில் ஒருவர் இடித்துக்கொண்டு ஊர்ந்த நிலைய இயக்குநர்கள் அந்தச் சாலையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணினால் மலைப்பாக இருக்கிறது. சங்கப் பாடல்களின் தேர்ப்பாகர்களுக்கு இந்தப் பதவி கிட்டவில்லை.

இறுதியாகப் புளூடூத் வகை. இதில் பென்டிரைவ் வேண்டாம், போனே போதும். போன் வந்தால் பாட்டு நின்று, பேசுபவர் குரல் கார் ஸ்பீக்கரில் வரும். எந்த வழியாக வரும் என்பதை வாங்கும்போது நான் யோசிக்கவில்லை. டப்பா அறிந்தது ஒரே வழிதான்: கண்ணாடி, வானம், ஆன்டெனா.

சென்ற மாதம் சைதாப்பேட்டை சிக்னலில் நிற்கும்போது மனைவி அழைத்தாள். பால், தக்காளி, கொத்தமல்லி என்று சொல்லிக்கொண்டு வந்தவள், நடுவில் என் அக்காவிடம் கொடுத்த பணம் திரும்பியதா என்பதை விரிவாக, வருடவாரியாக விசாரித்தாள். கடைசியில் இன்னும் ஏதோ சொன்னாள். பின்னாலிருந்த பஸ்ஸின் ஹார்னில் அது காதில் விழவில்லை. இணைப்பும் அறுந்துவிட்டது. வலப்பக்கம் நின்ற கார்க்காரர் கண்ணாடியை இறக்கினார். முன்பின் பார்த்திராத முகம். அவருடைய டேஷ்போர்டிலும் சிவப்பாக 87.5 எரிந்துகொண்டிருந்தது.

“சார், மேடம் புதினாவும் சொன்னாங்க.”