ஒட்டும் இல்லை, உறவும் இல்லை

திருமழிசையில் எங்கள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பாத்திரக்காரர் வருவார். அவர் குரல் கேட்பதற்குள், நான்ஸ்டிக் தவாவே, உன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிடுகிறேன். சும்மா அனுப்ப மனசு வரவில்லை.

உன்னைப் போல எளிமையானவர் யார்? இரும்புத் தோசைக்கல் வாங்கி வந்த அன்றே அடுப்பேறாது. வடிகஞ்சியில் மூன்று நாள் ஊறப்போட வேண்டும். தேங்காய் நாரால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவி, வெங்காயம் வதக்கி அதைப் பழக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் முதல் தோசையைப் பிய்த்துத்தான் கொடுக்கும். நீயோ அட்டைப்பெட்டியிலிருந்து இறங்கிய கையோடு முழு நிலவு மாதிரி தோசை கொடுத்தாய். உன்னோடு பழக ஒரு நாள்கூட ஆகவில்லை.

2020 மே மாதம், கொரோனாவால் கோயம்பேடு காய்கறிச் சந்தையை மூடி எங்கள் ஊருக்கு மாற்றியிருந்தார்கள். லாரி லாரியாக வெங்காயம் வந்து இறங்கிய காலம் அது. உன் வம்சத்தில் முதலாமவர் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அந்த வருடம்தான். பாதி வெங்காயத்தைக் கத்தியில் குத்தி, நல்லெண்ணெயில் தொட்டுக்கொண்டு வந்து நின்றார் என் மாமியார். "இதுக்கு அதெல்லாம் வேணாம் அத்தை" என்றேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றவர், அந்த வெங்காயத்தை நறுக்கிச் சாம்பாரில் போட்டுவிட்டார். ஐம்பது வருடக் கைப்பழக்கத்துக்கு ஒரே வார்த்தையில் ஓய்வு கொடுக்க வேறு யாரால் முடியும்?

உன் பிறப்பும் லேசுப்பட்டதல்ல. 1938-ல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் குளிர்பதன வாயுவைத் தேடப்போய், சிலிண்டருக்குள் வெள்ளைப் பொடியாகக் கண்டெடுத்த பொருள்தான் டெஃப்லான். பிரான்சில் மார்க் கிரேகுவார் அதைத் தூண்டில் சாமானுக்குப் பயன்படுத்தப் பார்த்தார். என் வாணலிக்குப் பூசக் கூடாதா என்று கேட்டவர் அவர் மனைவி கொலெத். அதிலிருந்துதான் 1956-ல் டெஃபால் கம்பெனி பிறந்தது. அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டிச் சுரண்டி அலுத்துப்போன ஒரு பெண்ணின் கேள்வி அது. அந்த அலுப்பு எனக்கும் தெரியும். அதனால்தான் உன்னை நம்பினேன்.

உன் அடக்கத்தையும் சொல்ல வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உன்னை 170 டிகிரிக்கு மேல் சூடாக்குவது ஆபத்து என்று எச்சரித்திருக்கிறது. வெறும் தவாவைப் பெரிய தீயில் வைத்துவிட்டு மறந்தால், 260 டிகிரியைத் தாண்டிப் பூச்சு சிதையத் தொடங்கும். சூடு இன்னும் ஏறினால் அந்தப் புகையில் கூண்டுக் கிளி செத்துப்போகும். இவ்வளவு பெரிய சங்கதியை உன் அட்டைப்பெட்டி "மிதமான தீயில் பயன்படுத்தவும்" என்று பொடி எழுத்தில் ஒரே வரியில் முடித்துக்கொண்டது. கல் நன்றாகக் காய்ந்ததா என்று தண்ணீர் தெளித்து, சுர்ரென்ற சத்தம் கேட்டபின் மாவை ஊற்றும் வீடு இது. இங்கே அந்த வரியை யார் படித்தார்கள்?

உன் பூச்சைத் தயாரிக்க ஒரு காலத்தில் பி.எஃப்.ஓ.ஏ. என்ற வேதிப்பொருள் உதவியது. 2019-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதை ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. 2023-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று வகைப்படுத்தியது. இப்போது வரும் தவாக்களில் அது இல்லை என்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே மண்ணிலும் நீரிலும் கலந்தது அழியாமல் கிடக்கிறது. நீ இரண்டு வருடத்தில் கிளம்புகிறாய், அது தங்கிவிட்டது. உன் வம்சத்தில் நிலைத்து நிற்கத் தெரிந்தது அது ஒன்றுதான்.

உன் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தழும்பு. அதன் ஓரத்தில் கறுப்புப் பூச்சு கருகிய அப்பளம் போல மேலெழும்பி நிற்கிறது. உள்ளே அலுமினியம் பளபளக்கிறது. மரக்கரண்டி கைக்கு எட்டாத ஒரு காலையில், இரும்புத் தோசைத் திருப்பியால் நான்தான் கீறினேன். தோசையில் கறுப்பாக ஒன்றிரண்டு துணுக்கு வந்தபோது மிளகு என்று நினைத்துச் சாப்பிட்டோம். நீ ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்து அடுப்பில் இருக்கும் பால் குக்கர் அப்படியில்லை, பொல்லாதது. பால் காய்ந்ததும் தெருவுக்கே கேட்கிற மாதிரி விசில் அடித்துக் கூப்பிடும். எங்கள் போர் தண்ணீரின் உப்பு அதன் இரட்டைச் சுவருக்குள் வெள்ளையாகப் படியும். மாதம் ஒருமுறை எலுமிச்சைத் தோலைப் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். வாஷர் தேய்ந்தால் மாற்ற வேண்டும். என் கல்யாணத்துக்கு வந்த சீர் அது, இன்னும் வேலை வாங்குகிறது. உன்னால் எனக்கு அப்படி ஒரு தொல்லை உண்டா? பழுது பார்க்க ஏதாவது இருந்தால்தானே தொல்லை.

வாசலில் குரல் கேட்டது. கையில் வாங்கிப் பார்த்தவர், "பூச்சுப் போட்டதும்மா, வெறும் அலுமினிய விலை வராது" என்று உன்னைத் தனியாக எடுத்து வைத்தார். பேரம் பேசவே விடாத உன் பெருந்தன்மை கடைசிவரை மாறவில்லை.

பரணிலிருந்து பழைய இரும்புக்கல்லை நேற்றே இறக்கிவிட்டேன். மாமியாரின் அம்மா வாங்கியது. துரு ஏறியிருந்தது. தேங்காய் நாரும் புளியும் போட்டுத் தேய்க்கத் தேய்க்கச் செந்நீராக வழிந்து, ஒருவழியாகக் கறுப்பு தெரிந்தது. கஞ்சியில் எத்தனை நாள் போட வேண்டும் என்று கேட்டேன். "இது பழகின கல்லுதானே, கஞ்சி எதுக்கு" என்று சொல்லிவிட்டு, அத்தை வெங்காயக் கூடையைப் பக்கத்தில் இழுத்தார்.

முதல் தோசை பிய்ந்தது. அதை வழித்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, பாதி வெங்காயத்தை மறுபடி எண்ணெயில் தொட்டார்.