கொசுறு இலக்கணம்: கறிவேப்பிலையை முன்வைத்து ஓர் ஆய்வு

நுகர்வோர் நடத்தையை ஆராய்ந்தோர் விலையை அளந்தார்கள், தரத்தை அளந்தார்கள், விளம்பரத்தையும் அளந்தார்கள். கறிவேப்பிலையை மட்டும், சாப்பிடும்போது ஒதுக்குவதைப் போலவே, ஆய்விலும் ஒதுக்கிவிட்டார்கள். அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

காய்கறியோடு சும்மா வரும் கறிவேப்பிலை போன்ற கொசுறு மூவகைப்படும்: கொடுக்கும் கொசுறு, கேட்கும் கொசுறு, எடுக்கும் கொசுறு. முதலாவது கடைக்காரர் தாமாகவே பையில் போடுவது. நீங்கள் பழைய வாடிக்கை என்பதற்கு அதுவே சான்றிதழ். இரண்டாவது, "ஏம்ப்பா, ரெண்டு கொத்து போட்டா கொறஞ்சா போயிடுவ?" என்ற வினாவுக்குப் பின் வருவது. மூன்றாவதே நுட்பமானது. கடைக்காரர் சில்லறை எடுக்கக் குனியும்போது இரண்டு பச்சை மிளகாய் தாமே பைக்குள் ஏறிக்கொள்ளும். இதைத் திருட்டு என்பாரின் கூற்றை மறுக்கிறோம். தேவைக்கு மேல் சற்று நேரம் கடைக்காரர் குனிந்தே இருப்பது அவரது உடன்பாடு என்பது எம் துணிபு.

கொசுறு இலவசமன்று, கத்தரிக்காய் விலையிலேயே ஏற்றப்பட்டுவிட்டது. இது இருதரப்புக்கும் தெரியும். ஆயினும் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூட்டினால் பொறுத்துக்கொள்பவர், கொசுறு மறுக்கப்பட்டால் மறுநாளே கடை மாறுவார்.

இனி மளிகைச் செயலிக்கு வருவோம். அங்கே கறிவேப்பிலைக்குத் தனிப் படம், தனி எடை, தனி விலை. கேட்க ஆளில்லை, குனியவும் எவருமில்லை. எனவே நுகர்வோர் புதிய நடத்தை ஒன்றை வகுத்துக்கொண்டார்: டெலிவரி கட்டணத்தைத் தவிர்க்க, பாத்திரம் தேய்க்கும் நாரும் இரண்டு பிஸ்கட் பாக்கெட்டும் சேர்த்து வாங்குவது. கொசுறுக்காகச் சரக்கு வாங்கும் இதனைத் தலைகீழ்க் கொசுறு என்க. (வீட்டில் நார் குவிந்திருப்பதன் காரணம் இதுவே.)

எம் கோட்பாட்டுக்கு 2024 மே மாதத்தில் சான்று கிடைத்தது. பிளிங்கிட் என்னும் மளிகைச் செயலியில் கொத்தமல்லிக்குக் காசு கேட்பதைக் கண்டு தம் அம்மா அதிர்ந்துபோனார் என்றும், காய்கறியோடு அதைச் சும்மா தரலாமே என்று அம்மா சொல்கிறார் என்றும் மும்பைக்காரர் ஒருவர் எக்ஸ் தளத்தில் எழுதினார். நிறுவனத் தலைவர் அல்பீந்தர் திண்ட்சா உடனே அதைச் செய்துவிட்டு, நன்றியை அந்த அம்மாவுக்குச் சொல்லுங்கள் என்றார். பத்து நிமிட வேகத்தால் தெருக்கடையை வெல்ல வந்த நிறுவனம், தெருக்கடைச் சட்டத்துக்கே கட்டுப்பட்டது.

கொத்தமல்லியை மும்பை அம்மா வாங்கிக் கொடுத்துவிட்டார். கறிவேப்பிலை நம் பொறுப்பு. தமிழ்நாட்டு அம்மாக்களின் பிள்ளைகள் யாரேனும் எழுதிப் போடுங்கள்.