திறப்பு விழா அழைப்பிதழில் பெயர்ப் பெருக்கம்: ஓர் ஆய்வு

புதுக்கடைத் திறப்பு விழா அழைப்பிதழை ஆராயப் புகுந்தவர்கள் தொடக்கத்திலேயே ஒரு பிழை செய்துவிடுகிறார்கள். அது விருந்தினரைக் கூப்பிடுவதற்காக அடிக்கப்படுவது என்று நம்பிவிடுகிறார்கள். வணிக மேலாண்மை நூல்கள் ஊட்டிய நம்பிக்கை இது. என்ன விழா, எந்த நாள், எந்த இடம் என்பதைச் சுருக்கமாகச் சொல், வருகிறாரா இல்லையா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள் என்று அந்நூல்கள் போதிக்கின்றன. அந்த அளவுகோலை வைத்தால் தமிழ்நாட்டில் அச்சாகும் அழைப்பிதழ்களில் பெரும்பாலானவை தேறா. ஆனால் அத்தகைய அழைப்பிதழ் அடித்துத் திறந்த ஜவுளிக்கடைகளும் பாத்திரக்கடைகளும் பேரன் காலத்திலும் நடந்துகொண்டிருக்கின்றன. ஆகவே குறை அளவுகோலில்தான் இருக்க வேண்டும். இக்கட்டுரை நிறுவ முயல்வது ஒன்றே: திறப்பு விழா அழைப்பிதழ் அதைப் படிப்பவருக்காக அச்சாவதன்று, அதில் பெயர் இடம்பெற்றவருக்காக அச்சாவது.

முதற்சான்று, படிப்பவருக்குத் தேவையான செய்திகள் அதில் நடத்தப்படும் விதம். பிள்ளையார் சுழிக்கும் குலதெய்வத்துக்கும் கீழே, ‘நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம்’ என்று நாள் தொடங்குகிறது. தமிழ் வருடப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. 2025 சித்திரையில் பிறந்த விசுவாவசு 1965-இலும் பிறந்தது. அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத் தேதியைப் போடாவிட்டால், பழைய டிரங்குப் பெட்டியில் கிடைக்கும் அழைப்பிதழ் தாத்தாவின் கடைக்கு உரியதா, பேரனின் கடைக்கு உரியதா என்று தொல்லியலாளர்தான் சொல்ல வேண்டும். நேரம் இதைவிட நுட்பமானது. திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை, எமகண்டம் 10.30 முதல் 12 வரை. இரண்டுக்கும் நடுவே சிக்கிய ஒன்றரை மணி நேரம் ‘காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்’ என்று அச்சேறுகிறது. அது ரிப்பனுக்குக் குறித்த நேரம், மனிதருக்குக் குறித்ததன்று. டிபன் எப்போது போடுவார்கள் என்பதை விருந்தினர் தம் சொந்த அறிவால் கணித்துக்கொள்ள வேண்டும். இடமோ கடைசி வரியில், இருப்பதிலேயே சிறிய எழுத்தில், ‘பழைய டாக்கீஸ் எதிரில்’ என்று முடிந்துவிடும். டாக்கீஸை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டியாகிவிட்டது என்பது கணக்கில் வராது.

இனி, பெயர்களுக்கு வருவோம். உண்மையான செல்வம் இங்கேதான் குவிந்திருக்கிறது. ஒரு கடைக்கு ஒரு கதவு. அதைத் திறக்க ஒருவர் போதும். ஆனால் உரிமையாளர் கடமைப்பட்டவர்களோ பலர்: இடம் கொடுத்தவர், கடன் கொடுத்தவர், சரக்கு கொடுத்தவர், பெண் கொடுத்தவர். இந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டவே திறப்பு என்னும் ஒற்றைச் செயல் பல செயல்களாகப் பிளக்கப்பட்டது என்பது என் துணிபு. பெயர்ப்பலகையை ஒருவர் திறக்கிறார், ரிப்பனை ஒருவர் வெட்டுகிறார், கல்லாப்பெட்டியை ஒருவர் திறக்கிறார், முதல் விற்பனையை ஒருவர் தொடங்கி வைக்க இன்னொருவர் பெற்றுக்கொள்கிறார். தரைத்தளம் ஒருவருக்கு, முதல் தளம் ஒருவருக்கு, ஏ.சி. பிரிவு சம்பந்திக்கு. சில கடைகளுக்கு மாடி எழுப்பப்பட்டதே இடம் போதாமல் அல்ல, பெயர் மிஞ்சியதால்தானோ என்ற ஐயத்தை ஆய்வாளர் எளிதில் ஒதுக்க முடியாது. குத்துவிளக்கின் பங்கு இதில் தனியே போற்றத்தக்கது. அதற்கு ஐந்து முகம். ஒரே விளக்கில், ஒரே தீப்பெட்டிச் செலவில், ஐந்து குடும்பத்துப் பெண்களை ஏற்றிவிட முடிகிறது. அந்த ஐந்தும் தீர்ந்த பிறகும் எஞ்சி நிற்பவர்களுக்கு ‘முன்னிலை’ இருக்கிறது. அதற்கு ஐந்து முகம் என்ற வரம்பும் கிடையாது, வேலையும் கிடையாது. உட்கார்ந்திருந்தால் போதும்.

இது வீண் ஆடம்பரம் அன்று. கணக்குத் தெரிந்த வியாபாரம். பெயர் அச்சான ஒருவர் வராமல் இருக்க முடியாது. தனியாகவும் வர முடியாது, தமக்குப் பொன்னாடை போர்த்தப்படுவதைப் பார்க்க நாலு பேர் வேண்டும் அல்லவா? வந்தவர் வெறுங்கையோடு திரும்பவும் முடியாது. முப்பது பெயர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு நாலு பேரைச் சேர்த்து, முதல் நாளே கடையில் நூற்றைம்பது பேர் நிற்பார்கள். ‘முதல் போணி நம்மளோடது’ என்று ஆளுக்கொரு பையும் தூக்குவார்கள். பெயர் இல்லாமல் அழைப்பிதழ் பெற்ற ஆயிரம் பேருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அவர்கள் சாட்சிகள். இன்னாருடைய பெயர் இன்ன இடத்தில் வந்தது என்பதை ஊர் அறியச் செய்வது அவர்கள் பொறுப்பு. வந்தால் நல்லது, வராவிட்டாலும் அழைப்பிதழ் தன் வேலையை முடித்துவிட்டது.

இந்தக் கோட்பாட்டுக்கு எழும் மறுப்புகளில் வலுவானது, விடுபட்டவர் பற்றியது. முப்பது பேரை மகிழ்விக்கப் போய் முப்பத்தோராவது ஆளைப் பகைத்துக்கொள்ளலாமா? மறுப்பு நியாயமானதே. அரசு விழாவில் யாருக்குப் பின் யார் என வரிசை காட்ட மரபுமுறை ஒன்று உண்டு. தனியார் கடைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆயினும் விடுபட்டவரின் நடத்தையைக் கவனித்தால் மறுப்பு தளர்ந்துவிடும். அவர் கோபித்துக்கொண்டு வீட்டில் இருப்பதில்லை. தம் இடத்தில் யாரை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கக் கட்டாயம் வருகிறார், எல்லோருக்கும் முன்பாக வருகிறார். அகர வரிசையில் போட்டால் சண்டை வராது என்போர் உண்டு. அப்படிச் செய்தால் வேலுச்சாமியும் வைரவனும் ஆயுளுக்கும் பேச மாட்டார்கள்.

முகவரி தெளிவாக இல்லாவிட்டால் எப்படி வந்து சேர்வது என்பது இன்னொரு மறுப்பு. தெளிவாக இருந்தால்தான் ஆபத்து. வழி தெரியாதவர் போன் செய்வார். போன் செய்தவர் ‘வருகிறேன்’ என்று சொல்லாமல் அதை வைக்க முடியாது. வருகையை உறுதிசெய்யுமாறு கேட்கும் வரி நம் அழைப்பிதழ்களில் ஏன் பெரும்பாலும் இல்லை என்பது இதனால் விளங்கும். பழைய டாக்கீஸ் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

வாட்ஸ்அப் வந்துவிட்டது, இனி அட்டையும் உறையும் எதற்கு என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் வருவது அதே அட்டையின் படம்தான். அதைப் பெற்றவர் முதலில் செய்வது, இரு விரலால் பெரிதாக்கித் தம் பெயரைத் தேடுவது. ‘இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்று’ என்ற வரிக்கு முன்பைவிட வேலை கூடியிருக்கிறது என்பது மட்டுமே மாற்றம். தாம்பூலத் தட்டில் வைத்து நீட்டிய அழைப்பிதழுக்கு மட்டும் மதிப்பு குறையவே இல்லை, அதன் நான்கு முனையிலும் மஞ்சள் இருப்பதால்.

எனவே ஆடி கழிந்து ஆவணியில் கடை திறக்க இருப்போருக்கு ஒரு வேண்டுகோள். அச்சகத்திலிருந்து புரூஃப் வந்ததும் தேதியைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். இனிஷியல்களைப் பாருங்கள். தேதி தவறினால் ஸ்டிக்கர் ஒட்டலாம். மாமனாரின் இனிஷியலுக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்ட முடியாது.