குழந்தை கிடைத்தது, நாய் கிடைக்கவில்லை

கேள்வி: 'தி கிட்னாப்பர்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டு, அதைக் குழந்தைகள் படம் என்கிறார்களே?

பதில்: இந்தப் படத்தில் குழந்தையைக் கடத்துவதே இரண்டு சிறுவர்கள்தான்! பிலிப் லீகாக் இயக்கி 1953இல் வெளிவந்த பிரிட்டிஷ் படம் இது. கதை 1900களின் தொடக்கத்தில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் நடக்கிறது. போயர் போரில் தந்தையை இழந்த ஹாரியும் டேவியும் தாத்தா வீட்டுக்கு வருகிறார்கள். போயர்கள் டச்சு வம்சாவளியினர் என்பதால், அந்தப் போரில் மகனைப் பறிகொடுத்த தாத்தாவுக்கு அண்டை வீட்டு டச்சுக்காரர்கள் மீது தீராப் பகை. பேரன்கள் ஆசைப்பட்டதோ ஒரு நாய்க்குட்டி. சோற்றுக்கு உதவாத பிராணி எதற்கு என்று மறுத்துவிடுகிறார் தாத்தா. அப்போதுதான் காட்டில் ஒரு கைக்குழந்தை கிடைக்கிறது. பாலூட்டி, ஒளித்து வளர்க்கும் சிறுவர்கள் அதற்குச் சூட்டும் பெயர், நாய்க்கு வைக்கும் 'ரோவர்'! அதுவோ பகையாளி வீட்டுப் பிள்ளை.

கேள்வி: பெரியவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

பதில்: அவர்களுக்குத்தான் பாடமே. அன்பு செலுத்த ஓர் உயிரைக் கொடுக்காவிட்டால், பிள்ளைகள் அதைத் தாங்களே தேடிக்கொள்வார்கள். கடைசியில் தாத்தா தம் பூட்ஸை விற்று நாய் வாங்க முன்வருகிறார். பகையும் அந்த பூட்ஸோடு கழன்றுவிடுகிறது. டங்கன் மக்ரே தாத்தாவாக நடித்தார். சிறுவர்களாக நடித்த ஜான் வைட்லி, வின்சென்ட் வின்டர் இருவருக்கும் சிறார் ஆஸ்கர் விருது கிடைத்தது. வைட்லி பின்னாளில் கலை வரலாற்று அறிஞரானார்.